முதலில் வழக்குக் கோவை, பிறகு பேப்பர்

கேள்வி இதுதான்: "என் மாமா, அம்மாவின் தம்பி, 1996ஆம் ஆண்டு களுவாஞ்சிக்குடிப் பக்கம் கொலை செய்யப்பட்டார். சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இரவு கடையைப் பூட்டிவிட்டு வரும் வழியில் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒருவரும் கைதாகவில்லை. 'காலம் அப்படி' என்று ஊரும் விட்டுவிட்டது. அம்மம்மாவுக்கு இப்போது 86 வயது. இதைத் திரும்ப வெளியில் கொண்டுவர வேண்டும். பேப்பருக்கு எழுதுவதா, முகநூலில் பக்கம் தொடங்குவதா, மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் பதாகை பிடிப்பதா? இத்தனை வருஷத்துக்குப் பிறகு சட்டத்தில் இடம் இருக்கிறதா?"

மகள், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இடம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 456ஆம் பிரிவை யாராவது சட்டத்தரணியிடம் கேட்டு வாசித்துப் பாருங்கள். கொலைக்கும் இராஜத் துரோகத்துக்கும் கால எல்லை கிடையாது. மற்றக் குற்றங்களுக்கு 20 வருஷம். ஆகவே அன்று கடைப்பணமும் போயிருந்தால், அந்தக் கொள்ளைக்கு இனித் தனியாக வழக்குப் போட முடியாது, அது 2016இலேயே முடிந்துவிட்டது. கொலைக்கு 2046இலும் போடலாம். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ன செய்யலாம் தங்கச்சி?" என்று பொலிஸ் மேசையில் யாராவது கேட்டால் அந்தப் பிரிவு இலக்கத்தைச் சொல்லுங்கள். கேட்டவரின் குரல் மாறும்.

நான் நீதிமன்றப் பதிவறையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு சில வருஷம் பேப்பர்களுக்குப் பிராந்திய நிருபராகவும் எழுதினேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட பேப்பர், முகநூல், பதாகை மூன்றும் செய்யலாம். ஆனால் அவற்றுக்கு முதல் உங்கள் கையில் ஒரு இலக்கம் இருக்க வேண்டும். வழக்கு இலக்கமோ, மரண விசாரணை இலக்கமோ, பொலிஸ் தகவல் புத்தகத்தின் பக்கமும் திகதியுமோ, ஏதாவது ஒன்று. இலக்கம் இல்லாத கொலை அனுதாபச் செய்தியாக ஒரு நாள் ஓடும், அவ்வளவுதான். இலக்கம் இருந்தால் அதை ஒருவர் எடுத்து மேசையில் வைத்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட முஸ்லிம் பயணிகளின் விஷயத்தை எடுங்கள். 2014இல் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. தோண்டும் வேலை தள்ளிப் போனது, அப்படியே கிடந்தது. 2025இல் அதே நீதிமன்றத்தில் திரும்பவும் எடுத்தார்கள். இடையில் பதினொரு வருஷம் தூங்கியும் அது சாகாமல் இருந்ததற்குக் காரணம், அது ஒரு கோவைக்குள் தூங்கியது.

மற்றப் பக்க உதாரணமும் உண்டு. ஜோசப் பரராஜசிங்கம் எம்.பி. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குப் பெரிய பொதுக்கவனம் கிடைத்தது. 2015இல் கைதுகள் நடந்தன. 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப் போவதில்லை என்று அறிவிக்க, எல்லோரும் விடுதலையானார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்தும் சாட்சியம் நிற்கவில்லையென்றால் வழக்கு நிற்காது. உங்கள் மாமாவுக்காக உலகம் பார்க்கப் போவதில்லை. ஆகவே நாங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது "காலம் அப்படி" என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த ஒரு சொல் எத்தனை கொலையை மூடியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும். 1996இல் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஆமியின் கையில், மேற்கே படுவான்கரை புலிகள் இயக்கத்தின் கையில். இரவில் ஒருவர் செத்துக் கிடந்தால் ஊர் இரண்டில் ஒரு முடிவுக்கு வரும்: "அவங்கள்" அல்லது "இவங்கள்". மூன்றாவது சாத்தியத்தை யாரும் கேட்பதில்லை. காணிச் சண்டை, கடன், பெண் விவகாரம், சங்கக் கணக்கு எல்லாமே அந்த இருட்டுக்குள் நுழைந்து வெளியே போய்விட்டன. அந்த வருஷங்களில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள்தான் அகதிகளுக்கு நிவாரண உலர் உணவு கொடுத்தன. அரிசி, மா, சீனி, பருப்பு மூட்டை மூட்டையாக ஒரு மனேஜரின் கையெழுத்தில் வந்து போயின. உங்கள் மாமா இதனால்தான் கொல்லப்பட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் இறந்த பிறகு அந்தக் கடையில் இருப்பு எடுத்திருப்பார்கள். யார் எடுத்தது, என்ன குறைந்தது என்பதற்குச் சங்கத்திலோ கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திலோ காகிதம் இருந்திருக்க வேண்டும். பொலிஸ் பார்க்காத இடம் அது. நீங்கள் பாருங்கள்.

சரி, காகிதம் தேடும் வேலை. முதலில் மரணச் சான்றிதழ். வீட்டில் இருக்கும் பிரதியை நம்ப வேண்டாம், பிரதேச செயலகத்தில் புதிதாக ஒன்று எடுங்கள். நான் பார்த்த ஒரு சான்றிதழை இன்னும் மறக்கவில்லை. அது வேறொரு குடும்பத்துடையது, கல்லடிப் பக்கம். சுனாமியில் நனைந்து, காய்ந்து, மடிப்பில் நாலாகக் கிழிந்து, பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. இருபது வருஷமாக அந்த வீட்டார் அதில் பார்த்தது பெயரையும் திகதியையும் மட்டும்தான். இறப்பின் காரணம் எழுதிய கூட்டில் மை கரைந்து போயிருந்தது. அதற்குக் கீழே, தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் மட்டும் எழுத்துத் தப்பியிருந்தது. அங்கே உறவுக்காரர் பெயர் இல்லை, திடீர் மரண விசாரணை அதிகாரியின் பெயர் இருந்தது. அப்படியென்றால் மரண விசாரணை நடந்திருக்கிறது. நடந்திருந்தால் அதன் அறிக்கை நீதவானுக்குப் போயிருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கோவைக்குப் போய்ச் சேர்ந்தோம். உங்கள் மாமாவின் சான்றிதழிலும் முதலில் அந்தக் கூட்டைப் பாருங்கள்.

அடுத்தது நீதிமன்றம். சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் கோரிக்கை வைக்கும் கடிதம்) போட்டு, மரண விசாரணைக் கோவைக்கும் பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பித்த பீ அறிக்கைக்கும் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது. இன்று களுவாஞ்சிக்குடியில் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது என்பதற்காக 1996 கோவையும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நீதிமன்ற எல்லைகளும் பொலிஸ் எல்லைகளும் பிறகு மாறின. மட்டக்களப்புப் பதிவறையிலும் கேளுங்கள். அங்கே உள்ளவர் "இல்லை" என்று சொன்னால் அது பெரும்பாலும் "தேடவில்லை" என்பதுதான், நானே அந்தக் கதிரையில் இருந்து அப்படிச் சொல்லியிருக்கிறேன். பழைய கோவைகள் வருஷவாரியாக நாடாவால் கட்டிக் கிடக்கும், மேலே தூசி, கீழே கறையான். பெயரை மட்டும் சொன்னால் யாரும் கட்டைக் குலைக்க மாட்டார்கள். மாதத்தையும் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் அரை மணி நேரத்து வேலை.

பொலிஸ் பக்கத்துக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. "என் மாமாவின் கொலை பற்றிய எல்லா விபரமும் தருக" என்று எழுதினால் விசாரணையைப் பாதிக்கும் என்று மறுத்துவிடுவார்கள், அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. குறுக்கிக் கேளுங்கள். முறைப்பாடு பதிவான திகதி என்ன, நீதவானுக்கு அறிக்கையிட்ட இலக்கம் என்ன, கோவை இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, கடைசியாக எப்போது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நாலு கேள்வி போதும். "அப்படி ஒரு பதிவு இல்லை" என்று பதில் வந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். கொலை நடந்தது, மரணச் சான்றிதழ் இருக்கிறது, பொலிஸில் பதிவு இல்லை என்றால் பேப்பருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு இடம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். உங்கள் மாமி நட்டஈட்டுக்கு விண்ணப்பித்திருப்பார், அந்தக் காலத்தில் விண்ணப்பிக்காத விதவை குறைவு. புனர்வாழ்வு அதிகாரசபைக்குப் போன அந்த விண்ணப்பங்களோடு பொலிஸ் அறிக்கையும் கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் இணைத்திருப்பார்கள். பொலிஸ் நிலையத்தில் இல்லாத காகிதத்தின் பிரதி அங்கே கிடக்கலாம். மாமாவின் ஊழியர் சேமலாப நிதி எடுத்த கோவையையும் விடாதீர்கள். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்பதுகளில் நடந்த கொலையென்றால் மரண விசாரணையே இல்லாமல் இருந்திருக்கலாம். 1983இல் வந்த 15ஏ அவசரகால விதி, விசாரணையில்லாமல் சடலத்தை அகற்ற அனுமதித்தது. அப்படியானவர்களுக்கு இந்த நட்டஈட்டுக் கோவைதான் ஒரே கைப்பிடி.

எங்கள் பக்கத்தில் சைவக்காரரிலும் பலர் அடக்கம்தான் செய்வார்கள். மாமாவை அடக்கம் செய்திருந்தால் அந்த இடத்தை இப்போது தொடவேண்டாம். கல்லறை கட்டுவது, இடம் மாற்றுவது எதுவும் வேண்டாம். றக்பி வீரர் வசீம் தாஜுதீன் 2012இல் இறந்தபோது வாகன விபத்து என்றார்கள். 2015 ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவில் சடலத்தைத் தோண்டி எடுத்துத் திரும்பப் பரிசோதித்தார்கள், கதை மாறியது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் எலும்பில் வெட்டுத் தடம் நிற்கக்கூடும். தோண்டக் கட்டளையிடுவது நீதவான் மட்டும்தான்.

இப்போது வெளியில் கொண்டுவரும் பகுதி.

ஒரு பக்கம் எழுதுங்கள், ஒரே ஒரு பக்கம். மாமா யார், எங்கே, எப்போது, கடைசியாக எங்கே கண்டார்கள், கோவை இலக்கம் என்ன, உங்கள் கோரிக்கை என்ன. "நீதி வேண்டும்" என்பது கோரிக்கை இல்லை, அதற்கு யாராலும் "ஆம்" என்று கையெழுத்து வைக்க முடியாது. "இந்த இலக்கக் கோவையைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு மாற்றுங்கள்" என்பது கோரிக்கை. நல்ல படம் ஒன்று சேருங்கள். பிணப்படம் வேண்டாம், கலியாணப் படமும் வேண்டாம், கடை வாசலில் ஊர்ச் சனம் கண்ட முகமாக இருக்கட்டும். அதே பக்கத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நல்ல ஆளிடம் கொடுத்து எழுதுவியுங்கள். முடிவு எடுக்கும் மேசைகள் கொழும்பில் இருக்கின்றன. தமிழ்ப் பேப்பரில் வருவதை ஊர் அழுதுகொண்டு வாசிக்கும், சட்டமா அதிபர் திணைக்களம் வாசிக்காது.

ஆனால் ஊர் வாசிப்பதுதான் எங்களுக்கு முதலில் வேண்டும், ஏனென்றால் சாட்சி அங்கேதான். இதற்கு நான் கண்ட மிக நல்ல வழி நினைவஞ்சலி விளம்பரம். சிரிக்காதீர்கள். எங்கள் சனம் பேப்பரை எடுத்தால் தலைப்புச் செய்திக்கு முதல் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் பார்க்கும், சுவிஸிலும் கனடாவிலும் இருப்பவர்கள் இணையத்தில் அதையே தேடிப் பார்ப்பார்கள். 30ஆம் ஆண்டு நினைவஞ்சலி என்று படத்தோடு போட்டு, வழக்கமான கவிதைக்குப் பதிலாக இரண்டு வரி: "அன்றிரவு அவரைக் கண்டவர்கள் எங்களோடு பேசுங்கள். அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார்." தொடர்புக்கு ஊரில் உள்ள இலக்கம் வேண்டாம். வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் இலக்கத்தைக் கொடுங்கள்.

அன்று பயத்தில் வாய் மூடியவர்கள் பாதிப் பேர் இப்போது வெளிநாட்டில். அவர்கள் பயந்த ஆட்களும் செத்தோ கிழண்டியோ போயிருப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எப்போது ஊருக்கு வருவார்கள்? வைகாசியில், கண்ணகி அம்மன் சடங்குக்கு. திருக்குளிர்த்தி முடியும்வரை ஊரில் நிற்பார்கள். அதோடு சேர்த்து மாமாவின் திவசத்தை ஊர் கூட்டிச் செய்யுங்கள், திதி தள்ளிப் போனாலும் ஒரு நினைவுச் சாப்பாடாக வையுங்கள். சாப்பாடு முடிந்து, இலை எடுத்து, முற்றத்தில் பாய் போட்டு வெற்றிலைத் தட்டம் சுற்றும் நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது ஒரு கிழவர் தன்பாட்டில் தொடங்குவார்: "அண்டைக்கு நான் தோணியால இறங்கி வாறன்..." நீங்கள் குறுக்கே கேள்வி கேட்காதீர்கள், போனை நீட்டவும் வேண்டாம். கேட்டுவிட்டு, மறுநாள் தனியாகப் போய், எழுதட்டுமா என்று கேளுங்கள்.

அம்மம்மாவை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள். இந்த மாதமே சமாதான நீதவான் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, அம்மம்மா சொல்வதை அவருடைய சொல்லிலேயே சத்தியக் கடதாசியாக எழுதுங்கள். குறுக்கு விசாரணைக்கு நிற்க முடியாத ஒருவரின் கடதாசியை நீதிமன்றம் முழுச் சாட்சியமாக எடுப்பது கடினம். ஆனால் விசாரணையைத் திறக்கப் போதும்.

எந்தக் காரணத்துக்காகவும் சந்தேகப் பெயரை வெளியில் எழுத வேண்டாம். ஊருக்கே தெரிந்த பெயராக இருந்தாலும் எழுத வேண்டாம். 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். மறுநாளே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகுதான் அதைச் செய்தது அந்தக் குண்டுகளை வெடிக்க வைத்த சஹ்ரானின் ஆட்கள் என்று வெளிவந்தது. படுவான்கரையில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த பதில் பிழையாக இருக்கலாம். அது சரியாகவே இருந்தாலும், ஒருவருடைய முகத்தை நீங்கள் முகநூலில் போட்ட பிறகு சாட்சி ஒருவர் அடையாள அணிவகுப்பில் அவரைக் காட்டினால், "படம் பார்த்துத்தான் காட்டினாய்" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். மானநட்ட வழக்கும், 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தனி.

சாட்சியின் அடையாளத்திலும் இதே கவனம் வேண்டும். இது என் சொந்தப் பிழையால் படித்த பாடம். நிருபராக இருந்தபோது ஒரு பழைய கொலை பற்றி எழுதினேன். சாட்சியின் பெயரைப் போடவில்லை என்று எனக்குப் பெருமை. ஆனால் "துறையடியில் கருவாடு விற்கும் ஒரு முதியவர்" என்று எழுதிவிட்டேன். அந்தத் துறையடியில் கருவாடு விற்கும் முதியவர் ஒருவர்தான் இருந்தார். பேப்பர் வந்த அன்று மாலையே அவர் கடையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு என்னோடும் பேசவில்லை, பொலிஸோடும் பேசவில்லை. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்புக் கேட்க வழி இருக்கிறது, கொல்லப்பட்டவரின் குடும்பம் என்ற முறையில் நீங்களும் கேட்கலாம். ஆனால் எழுதுகிறவர் வாயைக் கட்டுவதைப் போன்ற பாதுகாப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை.

பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கப் போகும்போது தமிழில் எழுதச் சொல்லுங்கள், வடக்கு கிழக்கில் அது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். 1996இல் உங்கள் வீட்டார் வைத்த கையெழுத்துக்கு மேலே சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், பிரதி கிடைத்ததும், முதல் வேலையாக மொழிபெயர்த்துப் பாருங்கள். வீட்டார் சொன்னதும் அங்கே இருப்பதும் வேறாக இருக்கக் கண்டிருக்கிறேன்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு பிரதி கொடுங்கள், கெடுதல் இல்லை. காணாமல் போனோர் அலுவலகம் உங்கள் விஷயத்துக்கு உரியதல்ல, அங்கே நாளைச் செலவழிக்க வேண்டாம். உயர் நீதிமன்ற அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத எல்லை இருக்கிறது, 1996 சம்பவத்துக்கு அது பொருந்தாது. யாராவது போடலாம் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதாகை? பிடிக்கலாம், வருஷத்துக்கு ஒரு நாள், அதே திகதியில். ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. ஆனாலும் மே 31 வந்தால் அவருடைய பெயர் திரும்ப அச்சில் ஏறுகிறது, சக நிருபர்கள் விடுவதில்லை. திகதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் நின்றால் மூன்றாம் மாதம் நீங்களும் உங்கள் தம்பியும்தான் நிற்பீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்வியின் அடியில், போகிற போக்கில், கொலை நடந்த மறுநாள் காலை வீட்டு வாசலில் இருந்த ஒரு பொருளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாமா அன்று கொண்டு போன பொருள் அது. என்ன பொருள் என்று நான் இங்கே திருப்பிச் சொல்லவில்லை, மேலே கேள்வியைச் சுருக்கியபோதும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நீங்களும் எழுதிய இடத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள், ஒரு பக்கத்திலும் சேர்க்காதீர்கள், நினைவஞ்சலியிலும் வேண்டாம். அதைக் கொண்டுவந்து வைத்தவருக்கு மாமா கிடந்த இடமும் தெரியும், உங்கள் வீடும் தெரியும். ஆமிக்காரனோ இயக்கக்காரனோ அந்த வேலை மினக்கெட்டுச் செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று விடிய முதலில் படலை திறந்தது யார், நாய் குரைத்ததா என்று அம்மம்மாவிடம் ஆறுதலாகக் கேளுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம். சத்தியக் கடதாசியில் எழுதுங்கள்.